சின்னவளுக்குச் சொன்னது

ஜனவரி 11

சின்னு,

போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். தபால்காரரை அடைக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

அன்றைக்கு நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். "அந்த ஆள் இருக்கிற வீட்டுல நான் காலை வைக்க மாட்டேன்" என்றாய். சரி. ஆனால் அவர் எப்படி இந்த வீட்டுக்குள் வந்தார் என்பதை நீ கேட்கவே இல்லை.

நான் அவரைத் தேடிப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி எடுக்கும் பெண் லீவு. சலவைப் பிரிவிலிருந்து என்னை வார்டுக்கு அனுப்பினார்கள். ஆண்கள் வார்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஒரு கிழவர் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் கதை என்றுகூட என் காதில் விழவில்லை. நிறுத்துகிற விதம்தான் விழுந்தது. நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, மூச்சை இழுத்து, "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்றார். என் கையிலிருந்த படுக்கை விரிப்பு நழுவிவிட்டது. இருபத்தேழு வருஷம், சின்னு. முகத்தை மறந்துபோயிருந்தேன். குரலை மறக்கவில்லை.

சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. இடது காலில் மூன்று விரல் இல்லை. "சொந்தம்னு யாரும் வரல" என்றாள் நர்ஸ். நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. பாசம் என்று நீ நினைத்தால் தப்பு.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. காலையும் சாயங்காலமும் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பைபிளிலிருந்து தினம் ஒரு கதை வாசிக்க வேண்டுமாம். அம்மாவை அடக்கம் செய்த நாளோடு மூடி வைத்ததை மறுபடி திறந்தேன்.

போன வாரம் ஊதாரி மகன் கதை. சொத்தைப் பிரித்துக்கொண்டு ஓடிப்போன மகன், எல்லாம் தொலைத்துத் திரும்பி வருகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். பாதியில் நிறுத்திவிட்டேன். நம் வீட்டில் எல்லாம் தலைகீழ். ஓடிப்போனது அப்பா, வாசலில் நின்றது பிள்ளைகள். அப்படியானால் யார் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும்? இதை உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

அக்கா

*

ஜனவரி 24

அக்கா,

கிழிக்கவில்லை. அவ்வளவுதான். ரொம்ப நினைத்துக்கொள்ளாதே.

உனக்குப் பன்னிரண்டு வயது அவர் போனபோது. எனக்கு ஆறு. உனக்கு அழக் கொஞ்சம் விவரம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது என்று சொல்கிறேன், கேள். போவதற்கு முந்தின நாள் அவர் எனக்கு ஆபிரகாம் கதை சொன்னார். அப்பா பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போகிறார். விறகைப் பிள்ளை தலையிலேயே ஏற்றுகிறார். மேலே போய்ப் பிள்ளையைக் கட்டிப் படுக்க வைத்துக் கத்தியைத் தூக்குகிறார். அங்கே நிறுத்தினார். "மிச்சம் நாளைக்கு. தூங்கு" என்றார். மறுநாள் அவர் இல்லை. அவர் ஓட்டிய லாரியும் இல்லை.

கத்தி மேலேயே நின்றது, அக்கா. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் மீதியைச் சொல்லும்வரை, மூன்று வருஷம், அந்தப் பிள்ளை செத்துப்போனான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் ஏதோ தப்பு செய்ததால்தான் அவர் போய்விட்டார் என்றும் நினைத்திருந்தேன். இரண்டும் எப்படியோ ஒன்றாக ஒட்டிக்கொண்டது.

அதனால் எனக்கு அந்தப் புத்தகத்திலிருந்து எதுவும் எழுதாதே. பட்டறையில் வேலை நிறைய. நாற்பது நாற்காலி ஆர்டர், எல்லாவற்றுக்கும் கால் பொருத்துவது நான்தான். ஒரு காலில் ஒரு நூல் அளவு வித்தியாசம் வந்தாலும் உட்காருகிறவன் ஆடுவான். ஓரிடத்தில் நிலையாக நிற்காத உன் அப்பா மாதிரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஊதாரிக்கு ஒரு அண்ணன் இருப்பானே, வீட்டோடு கிடந்து உழைத்தவன். விருந்துக்கு வரமாட்டேன் என்று வெளியே நிற்பான். கடைசியில் அவன் உள்ளே போனானா இல்லையா?

சின்னு

*

பிப்ரவரி 6

சின்னு,

போனானா என்று சொல்லவே இல்லை. மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன். அப்பா வெளியே வந்து அவனைக் கெஞ்சுகிறார், அத்தோடு கதை முடிகிறது. பக்கம் கிழிந்திருக்குமோ என்று தடவிக்கூடப் பார்த்தேன். அப்பாவிடம் கேட்டேன். "சொல்லல. எனக்கும் தெரியல" என்றார். இவர்தான் எல்லாக் கதையும் தெரிந்தவர்!

நீ எழுதாதே என்றாய், ஆனாலும் ஒன்று எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சலவைப் பிரிவில் ஒரு இஸ்திரி மெஷின் கெட்டுவிட்டது. மீதி இருந்த ஒன்றில் மூன்று வார்டுத் துணியையும் நானே போட்டேன். வீட்டுக்கு வந்தால், அவர் தண்ணீர் எடுக்கப் போய்ப் பானையை உருட்டி, கட்டெல்லாம் நனைந்து, சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். "செத்துத் தொலைங்களேன்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா மெஷினை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அவர் தரையைக் கையால் தடவினார். "துணி எங்க இருக்கு, நானே துடைக்கிறேன்" என்றார்.

துடைத்து, கட்டு மாற்றிவிட்டுச் சுருண்டு படுத்தேன். எனக்கே சாக வேண்டும் போலிருந்தது. மறுநாள் காலை வாசிக்க வேண்டிய இடம் எலியா. பெரிய தீர்க்கதரிசி, கொஞ்ச நாள் முன்பு வானத்திலிருந்து நெருப்பை இறக்கியவர். அவர் பாலைவனத்தில் ஒரு செடியடியில் படுத்துக்கொண்டு, போதும், என்னை எடுத்துக்கொள் என்கிறார். ஒரு தூதன் வருகிறான். இப்போது நன்றாகத் திட்டு வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். தூதன் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பி, சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்கிறான்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு முந்தின நாள் ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டேன். நின்றுகொண்டே நாலு துண்டு. அவர் காத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெம்பு வந்தது கதையாலா ரொட்டியாலா என்று இன்றுவரை புரியவில்லை. ஆனால் வேலைக்குப் போனேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கத்தியைப் பற்றி நீ எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நீ நாற்காலி செய்வதையும் சொன்னேன். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அக்கா

*

பிப்ரவரி 19

அக்கா,

யாரைக் கேட்டு வாசித்தாய்? உனக்கு எழுதினால் உனக்குத்தான். கூடப்பிறந்தவளிடம் சொன்னதை ஊர்க்காரனிடம் சொல்கிற மாதிரி. அவர் முகத்தை மூடினாராம்! மூடட்டும்.

இரண்டு நாள் கோபம் தாங்கவில்லை. ஒரு நாற்காலிக் காலை இழைப்புளியால் இழைத்து இழைத்துக் குச்சியாக்கிவிட்டேன். பட்டறையில் பாலிஷ் போடுகிற அண்ணன் பார்த்துவிட்டு, "யாரு மேல கோவம்? மரம் என்ன பண்ணுச்சு?" என்றார். அவர் பெட்டியில் பாலிஷ் கறை படிந்த ஒரு பைபிள் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்டு வாங்கி, நீ சொன்ன எலியாவை வாசித்தேன். வாசித்ததோடு விடவில்லை, முன்னாலும் பின்னாலும் புரட்டினேன். அண்ணன் தம்பியைக் கொல்கிறான். தம்பியை விற்கிறார்கள். மகன் அப்பனை எதிர்த்துப் படை திரட்டுகிறான்.

"என்னண்ணே இது, இதுல எங்கேயாவது ஒரு நல்ல குடும்பம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல. அதனாலதான் நான் படிக்கிறேன்" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானம் மத்தியானம் கொஞ்சம் வாசிக்கிறேன். சமாதானம் வருவதாக நினைக்காதே. வாசித்தால் தலை சுற்றுகிறது. ஆனால் வாசிக்காத நாள் ஏதோ சாப்பிடாத மாதிரி இருக்கிறது. இது என்ன பழக்கம் என்று தெரியவில்லை. அவரிடம் சொல்லாதே. இந்தத் தடவையாவது சொல்லாதே.

சின்னு

*

மார்ச் 8

சின்னு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன். நேரே சொல்கிறேன். உனக்குச் சேர வேண்டிய ஒன்றை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

போன வாரம் அவருக்கு நல்ல காய்ச்சல். எனக்கோ தடுமன், குரல் தவளை மாதிரி ஆகியிருந்தது. நான் கட்டுப் போடும்போது எப்போதும் கையுறை போட்டுக்கொள்வேன். அவருக்கு என் கை என்றால் அந்த ரப்பர்தான் தெரியும். அன்றைக்குக் கையுறைப் பெட்டி காலி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெறுங்கையோடு காலைத் தொட்டேன். என் கை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, பதினாறு வருஷம் கொதிநீரும் இஸ்திரிச் சூடும். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துத் தடவினார்.

"இவ்வளவு கரடுமுரடா இருக்கே... மரவேலை செய்யற கை. சின்னவளா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமாப்பா" என்று வந்துவிட்டது.

ஏன் சொன்னேன்? காய்ச்சல்காரரைச் சமாதானப்படுத்தவா? நான் என்னை நம்பவில்லை. அவர் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கு ஆசை. அதுதான் உண்மை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சின்னவளே, நீ முழிச்சிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அதனாலதான் நீ தூங்குற நேரமாப் பாத்துப் போனேன். வேற ஒருத்தி இருந்தா. அங்கயும் நான் ஒழுங்கா இல்ல. மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. கதையைப் பாதியில விட்டது மட்டும் மனசுல அறுத்துக்கிட்டே இருந்துச்சு. உன் தப்பு ஒண்ணுமே இல்லம்மா." பிறகு தடவித் தடவி என் தலையைக் கண்டுபிடித்துக் கை வைத்தார். "நீ செய்யற நாற்காலியில உக்காருறவங்க எல்லாரும் நல்லா இருக்கணும். நீயும் எங்கேயாவது உக்காரணும், நின்னுக்கிட்டே இருக்காத" என்றார்.

நான் அழுதேன். உனக்காக அழவில்லை. ஆறு மாதமாகப் புண்ணைக் கழுவுகிறேன், எனக்கு இதில் ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. உன் பெயரில்தான் எனக்குக் கிடைத்தது.

பிறகு அந்தக் கதையைத் தேடி எடுத்தேன். கண் தெரியாத ஈசாக்கு, மூத்தவன் ஏசா என்று நினைத்து, ஆட்டுத்தோல் சுற்றிய இளையவன் யாக்கோபின் கையைத் தடவிப் பார்த்து ஆசீர்வதிக்கிறார். உன் கதையில் கத்திக்குக் கீழே கிடந்த அதே பிள்ளைதான் இந்தக் கிழவர், கவனித்தாயா? பிழைத்து, வயதாகி, கண் போய், இப்படி ஏமாந்தும் போகிறார். நம் வீட்டில் மூத்தவளான நான் இளையவளை ஏமாற்றியிருக்கிறேன். கதையிலாவது யாக்கோபுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா இருந்தாள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

திருடி.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நாலு நாள் ஆகிவிட்டது.

அவர் எனக்கு வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். அப்புறம் எதற்கு எனக்கு இப்படி எரிகிறது? வேண்டாம் என்று தள்ளிய தட்டை இன்னொருத்தி எடுத்துச் சாப்பிட்டால் பசிக்குமா? பசிக்கிறது.

ஏசாவை வாசித்தேன். பெரிய ஆள், வேட்டைக்காரன். அவன் அப்பாவிடம், எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லையா என்று கேட்டுச் சத்தம் போட்டு அழுகிறான். பட்டறையில் எல்லாரும் இருந்தார்கள். எழுந்து மர அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தக் கதையை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். யாக்கோபின் பக்கம் நின்றே கேட்டிருக்கிறேன். ஏசா அழுததை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"உன் தப்பு ஒண்ணுமே இல்லம்மா" என்றாரா? அந்த "ம்மா" அவர் போட்டதா, நீ போட்டதா? சரியாக யோசித்து எழுது.

உனக்கு அவர் ஒன்றும் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது உன்மேல் கோபம் குறைந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் இன்னும் கோபமாக இருக்க வேண்டும்.

சின்னு

*

மார்ச் 29

சின்னு,

அவசரமாக எழுதுகிறேன். நேற்று நீ வந்தாயா?

வேலை முடிந்து வந்தால் கட்டு புதிதாக இருக்கிறது. நான் முடிச்சைப் பக்கத்தில் போடுவேன். இது மேலே, தட்டையாக, கயிற்றில் போடுகிற மாதிரி. கட்டிலோரம் இருந்த ஆடுகிற முக்காலி ஆடவில்லை. கேட்டால், "நீதானே மத்தியானம் வந்து கட்டுன" என்கிறார். தையற்காரம்மாவோ, "சாவி வாங்கிட்டுப் போனாங்க, உன் ஜாடை" என்கிறாள்.

வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போவாயா?

அந்த "ம்மா" அவர் போட்டதுதான்.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

இது கிடைப்பதற்குள் நீயே கண்டுபிடித்திருப்பாய். நான் வந்தேன்.

நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். அவரைத் திட்டுவதற்கு. வண்டியில் ஐந்து மணி நேரமும் வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். உள்ளே போனால் கட்டிலில் ஒரு சின்ன உருவம். இவரா லாரி ஓட்டினார்? என்னைத் தூக்கி ஸ்டியரிங்முன் உட்கார வைத்தவர் இவரா? கட்டு அவிழ்ந்து தரையில் தொங்கியது. ஈ உட்கார்ந்திருந்தது. திட்டுவதா, ஈயை ஓட்டுவதா? ஈயை ஓட்டினேன். அலமாரியில் புதுக் கையுறைப் பெட்டி இருந்தது. போட்டுக்கொண்டு புண்ணைக் கழுவினேன்.

"என்ன பெரியவளே, இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்ட?" என்றார்.

கையுறைதான் காரணம். நான் சின்னவள் என்று சொல்ல வேண்டியதுதானே, அதற்குத்தானே வந்தேன்? "ம்" என்றேன். உன்னைத் திருடி என்று எழுதிய அதே வாய். இப்போது புரிகிறது, அது தானாக வருகிறது.

கட்டுப் போடும்போது அவரே பேசினார். "சின்னவ வந்துட்டுப் போனாளே, உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"என்ன சொல்லணும்?"

"என்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னாளா?"

அக்கா, என் கையில் கட்டுத்துணியின் இரண்டு நுனியும் இருந்தது. இழுத்து முடிச்சுப் போட வேண்டும். எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. சொன்னாள் என்று சொன்னால் பொய். சொல்லவில்லை என்றால் கிழவர் அப்படியே போய்விடுவாரோ என்று பயம். நான் ஏன் பயப்பட வேண்டும்?

"அப்படிச் சொல்லலப்பா" என்றேன். "திரும்ப வரேன்னு சொன்னா."

அவர் தலையை ஆட்டினார். "அது போதும்" என்று சொல்லவில்லை, நீ அப்படி நினைத்துக்கொள்ளாதே. "எப்போ?" என்றார். முக்காலி ஆடிக்கொண்டிருந்தது, அதன் காலுக்கு ஒரு சின்ன ஆப்பு அடித்தேன். அவர் தூங்கிப் போனார். நீ வரும்வரை இருந்திருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் கட்டிக்கொண்டு அழுவேனா, அறைவேனா என்று தெரியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஓடுவது நம் குடும்பத்துக்குப் புதிதா?

நான் அவரை மன்னிக்கவில்லை. வெறுக்கவும் முடியவில்லை. நடுவில் எங்கோ நிற்கிறேன். அந்தப் புத்தகத்தில் இதற்கு ஒரு கதை இருந்தால் சொல்.

சின்னு

*

ஏப்ரல் 9

சின்னு,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. சத்தியம். ஆனால் மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நேற்றுக் கட்டுப் போடும்போது மெதுவாகக் கேட்டேன். "அப்பா, அன்னைக்கு மத்தியானம் வந்தது யாருன்னு தெரியுமா?"

"கண்ணுதானே போச்சு, மூக்கு இருக்கே" என்றார். "ரூமுக்குள்ள வரும்போதே மரத்தூள் வாசனை."

"அப்போ ஏன் சொல்லல?"

"அவ பெரியவளா இருக்கணும்னு நினைச்சா. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். நேராக் கேக்க எனக்கும் தைரியம் வரல."

தெரிந்துகொண்டேதான் உன்னிடம் கேட்டிருக்கிறார், சின்னு. உன் பதிலை உன் வாயாலேயே வாங்கிக்கொண்டார். கோபம் வருகிறதா? எனக்கு முதலில் வந்தது. பிறகு வேறொன்று உறைத்தது. நான் சின்னவளாக நடித்த அன்றைக்கு என் மேல் என்ன வாசனை அடித்திருக்கும்? சலவைச் சோப்பும் பிளீச்சிங் பவுடரும்தானே. மரத்தூள் ஏது?

கேட்டுவிட்டேன். "அப்போ காய்ச்சல் அன்னைக்கு? அதெல்லாம் யாருக்குச் சொன்னீங்க, எனக்கா, அவளுக்கா?"

அவர் போர்வை நுனியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஈசாக்குக்கும் இப்படித் தெரிந்திருக்குமோ, தெரிந்தும் தெரியாதவர் மாதிரி இருந்துவிட்டாரோ என்று அந்த நேரத்தில் என் மனம் எங்கெங்கோ போனது. எத்தனை முறை வாசித்தாலும் அந்தக் கதை பிடி கொடுக்கவில்லை. ஆனாலும் பழைய ரொட்டி மாதிரி, மெல்ல மெல்ல ஏதோ இறங்குகிறது.

கடைசியில் சொன்னார். "யாரு கை இருந்துச்சோ அவளுக்கு."

அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, நான் எழுந்திருக்கும்போது கையுறையின் விரலைப் பிடித்து இழுத்தார். கழன்று வந்துவிட்டது. வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவளே" என்றார். அவ்வளவுதான். சோப்புத் தண்ணீர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இருபதாம் தேதியிலிருந்து மூன்று நாள் எனக்கு லீவு. எழுதிக் கொடுத்துவிட்டேன். "எப்போ" என்று அவர் கேட்டதற்கு நீ தேதி சொல்லவில்லை என்பதால் நானே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். கட்டிக்கொள்வதோ அறைவதோ அங்கேயே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அக்கா